வத்தலாக வறுத்த கருவாடு

அத்தியாயம் ஒன்பது

மூன்று வாரமாக அன்னபூர்ணி தன் புருஷனிடம் ஒரு விஷயத்தை மறைத்து வந்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் மறைத்த முதல் விஷயம் அது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். முதல் பெரிய விஷயம் என்று வைத்துக்கொள்வோம்.

போன வாரம் நாயைப் பட்டினியில் நிறுத்திவிட்டு அத்தியாயத்தை முடித்ததற்காகச் சிலர் கோபித்துக்கொண்டார்கள். நியாயம்தான். நாய் சாப்பிட்டது. என்ன சாப்பிட்டது என்பதில்தான் வினை.

நாயின் பெயர் சங்கு. வெள்ளை நாய், ஒரு காது மட்டும் பழுப்பு. அன்னபூர்ணியின் மகன் யக்ஞநாராயணன் மங்களூரில் ஒரு ஓட்டுத் தொழிற்சாலையில் குமாஸ்தாவாக மூன்று வருஷம் இருந்தபோது கடற்கரையில் கண்டெடுத்து வளர்த்தது. யாரையும் கேட்காமல் பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டு, பூனாவுக்குப் போகிற வழியில் மைசூரில் ஒரே ஒரு நாள் இறங்கினான். ஒரு கையில் டிரங்குப் பெட்டி, இன்னொரு கையில் நாயைக் கட்டின கயிறு. நான் வருகிற வரைக்கும் இவனைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று அம்மாவிடம் கயிற்றைக் கொடுத்தான்.

அப்பா நாராயணஸ்வாமி ரயில்வே ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. அவர் ஊஞ்சலை விட்டு எழுந்திருக்கவில்லை. யுத்தத்துக்குப் போகிறவனின் கடுதாசி இந்த வீட்டு வாசற்படி ஏற வேண்டாம் என்று சொன்னார். மகன் தரையில் விழுந்து நமஸ்காரம் செய்துவிட்டுப் போனான். அது நடந்து இன்றோடு முப்பத்தோரு நாள்.

பெருமாள் கையில் இருக்கிற வஸ்துவின் பெயரை நாய்க்கு வைப்பதாவது என்று நாராயணஸ்வாமி அந்தப் பெயரை ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை. அவருக்கு அது ‘அது’. ஆனால் ஆபீசிலிருந்து வந்து கால் அலம்பினதும், “அது சாப்டுதா?” என்று தினம் கேட்பார். அதில் மட்டும் தவறினதில்லை.

முதல் எட்டு நாள் அது சாப்பிடவில்லை. தயிர் சாதத்தை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பருப்புச் சாதத்தில் நெய் விட்டுப் பிசைந்து வைத்தாள், ரேஷன் அரிசிக் காலத்தில். நாய் அதன் மேல் காலை வைத்துத் தாண்டிப் போயிற்று. விலா எலும்பை எண்ணிவிடலாம் போல ஆன பிறகு, பாத்திரம் தேய்க்க வருகிற பாப்பாயி கொல்லையில் நின்றபடி தீர்ப்புச் சொன்னாள். பாப்பாயிக்கு ஊர் மார்டள்ளி, தமிழ் பேசுகிற மலைக் கிராமம்; புருஷன் இங்கே ஜட்கா ஓட்டுகிறான்.

“கடக்கரையில வளந்த சீவனுங்கம்மா. மீனு வாசம் இல்லாட்டி அது வாயத் தொறக்காதுங்க.”

அன்னபூர்ணி அன்று முழுக்க யோசித்தாள். மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு சரி என்று சொல்லிவிட்டாள்.

ஏற்பாடு இதுதான். பாப்பாயி தன் வீட்டிலேயே ஆற்று மீனை வேக வைத்து, ஒரு மண்சட்டியில் மூடி, கொல்லைச் சந்து வழியாகக் கொண்டுவருவாள். மாட்டுக் கொட்டிலைத் தாண்டி ஒரு அடி உள்ளே வராது. நாய் தின்று முடித்ததும் சட்டி அதே வழியில் திரும்பிப் போய்விடும். அன்னபூர்ணி கிணற்றடியில் நின்று தலையோடு ஒரு வாளி ஊற்றிக்கொள்வாள். மகள் கனகலக்ஷ்மிக்கு விஷயம் தெரியும். பதினெட்டு வயசு, இன்டர்மீடியட் படிக்கிற பெண், அம்மா பக்கம். நாராயணஸ்வாமி பத்து மணிக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சாப்பாடு ஆனதும் அவர் கண்ணயர்கிற வரைக்கும் நாய் பசியோடு காத்திருக்க வேண்டும். புத்திசாலி நாய், காத்திருந்தது. மூன்று வாரத்தில் அதன் முதுகில் சதை போட்டது. அன்னபூர்ணிக்கு மகனே சாப்பிட்டு எழுந்த மாதிரி இருந்தது.

மகனிடமிருந்து மட்டும் ஒரு வரி வரவில்லை. நாலு கடுதாசி போட்டிருந்தாள். காலையில் தபால்காரன் தெருக்கோடியில் திரும்புகிற நேரம் பார்த்து வாசலில் போய் நிற்பாள். அவன் தூரத்திலேயே தலையை ஆட்டிவிடுவான்.

வெள்ளிக்கிழமை பாப்பாயி ஊருக்குக் கிளம்பினாள். ஊரில் ஆடி நோம்பி, பண்டிகை. நாலு நாள் கழித்துத்தான் வருவாளாம். போகும்போது ஒரு பொட்டலத்தைக் கொட்டிலில் விறகுக்கு அடியில் செருகினாள்.

“கருவாடுங்கம்மா. நான் வார வரைக்கும் இதப் போட்டுச் சமாளிச்சுக்குங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். அதை எப்படிப் போடுவது என்று சொல்ல வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. அரிசியைக் களைந்து உலையில் போடு என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்களா? எப்படிப் போடுவது என்று கேட்க அன்னபூர்ணிக்கு வாய் வரவில்லை. கேட்டால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டுமே.

சனிக்கிழமை அவள் விறகு பக்கமே போகவில்லை. நாய் சட்டி வருகிற சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. மறுபடியும் தயிர் சாதம்; மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது எழுந்து வந்து அவள் புடவைக் கொசுவத்தில் தலையை முட்டிவிட்டுச் சும்மா நின்றது. பாத்துக்கோ அம்மா என்று கயிற்றைக் கொடுத்த கை அவள் கண் முன்னால் வந்தது. நாராயணஸ்வாமி கூடத்தில் மெல்லக் குறட்டை விட ஆரம்பித்திருந்தார். அவள் கொட்டிலுக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. தலைமுறை தலைமுறையாக மரக்கறி தவிர வேறு எதையும் தொடாத வீட்டில் பிறந்தவளைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

பொட்டலத்தில் இருந்தது காய்ந்து, விறைத்து, உப்புப் பூத்துக் கிடந்தது. காய்ந்து உப்புப் போட்ட பண்டம் அன்னபூர்ணிக்குப் புதிதா? சுண்டைக்காய், மணத்தக்காளி, மிதுக்கங்காய், கொத்தவரங்காய் என்று வருஷா வருஷம் மொட்டை மாடி முழுக்க உலர்த்துகிறவள். அக்ரஹாரத்தில் அவள் கை வத்தலுக்குத் தனிப் பெயர். வத்தலை என்ன செய்வோம்? எண்ணெயில் போட்டு மொறுமொறு என்று வறுப்போம். அலம்பினால் நமுத்துப் போகும். ஆகவே அலம்பவில்லை. மூன்று செங்கல்லை வைத்து, ஓட்டை விழுந்ததென்று ஒதுக்கிப் போட்டிருந்த இரும்புச் சட்டியைக் களிமண்ணால் அடைத்து, முந்தானையால் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு, வத்தல் வறுக்கிற பக்குவத்தில் நிறம் மாறுகிற வரை வறுத்து இறக்கினாள். நிறம் அழகாகத்தான் வந்திருந்தது. முள் இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. பாப்பாயி கொண்டுவந்த சட்டியில் அவள் ஒரு நாளும் முள்ளைப் பார்த்ததில்லை.

நாய் ஆவலோடு தின்றது. நொறுக் நொறுக்கென்று சத்தம் கேட்டது. அன்னபூர்ணிக்கு அந்தச் சத்தம்கூடத் திருப்தியாக இருந்தது. அப்புறம் அது மாட்டுத் தொட்டிக்குப் போய்த் தண்ணீர் குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. நிமிர்ந்து ஒரு தடவை இருமிற்று. திரும்பவும் குடித்தது.

அவள் குளித்துவிட்டு, ஈரத்தைப் பிழிந்துகொண்டிருந்தபோது கனகலக்ஷ்மியின் குரல் கேட்டது.

“அம்மா, பேக வா, சீக்கிரம். சங்குவுக்கு என்னமோ ஆயிடுத்து.”

நாய் முன்னங்கால்களால் தன் வாயைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. வாயை மூட முடியவில்லை. எச்சில் நூலாக ஒழுகியது, அதில் சிவப்பாக ஒரு கோடு. ஒவ்வொரு இருமலுக்கும் அதன் உடம்பு வில்லாக வளைந்து நிமிர்ந்தது. அன்னபூர்ணி அதன் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்ன செய்வது என்று தெரியவில்லை. சங்கு, சங்கு என்று அதன் கழுத்தைத் தடவினாள். ஒரு மாசம்கூடக் காப்பாற்றத் தெரியாதவளிடம் விட்டுவிட்டுப் போனாயே என்று மகனை நினைத்து அழுகை வந்தது.

நிமிர்ந்தபோது கொல்லை நிலையில் நாராயணஸ்வாமி நின்றுகொண்டிருந்தார்.

அவர் செங்கல்லைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். காற்றில் இருந்த வாசனை எது என்று யாரும் அவருக்குச் சொல்லத் தேவையில்லை.

“எத்தனை நாளா?”

“மூணு வாரமா,” என்றாள். பொய் சொல்லலாம் என்றே தோன்றவில்லை.

அவர் உள்ளே போனார். ஸ்நானம் பண்ணப் போகிறார் என்று நினைத்தாள். பூணூலை மாற்றிக்கொள்வார், ராத்திரி சாப்பிட மாட்டார், நாளைக்குச் சாஸ்திரிகளைக் கூப்பிட்டு அனுப்புவார். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அடுத்தடுத்து நடக்கப் போவதெல்லாம் தெரிந்தது. அத்தனையும் நடக்கட்டும், இந்த நாய் பிழைத்தால் போதும் என்று இருந்தது.

அவர் ஸ்நானம் பண்ணவில்லை. இரண்டே நிமிஷத்தில் திரும்பி வந்தார். மூடின கழுத்துக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, கையில் குடை. ஞாயிற்றுக்கிழமையானாலும் கோட்டுப் போடாமல் தெருவில் இறங்குகிற மனிதர் அல்ல அவர்.

“கனகு, ஜட்காவைக் கூப்பிடு. மாட்டாஸ்பத்திரிக்குன்னு சொல்லு,” என்றார்.

வெளியே ஆடித் தூற்றல். ஜட்காவில் நாய் அன்னபூர்ணியின் மடியில் கிடந்தது. எச்சிலும் ரத்தமும் அவள் மடிசாரில் ஊறின. எதிரே உட்கார்ந்திருந்த நாராயணஸ்வாமி வழி நெடுக அவளைப் பார்க்கவில்லை, நாயைப் பார்த்துக்கொண்டு வந்தார். அது இருமும்போதெல்லாம் குடையின் கைப்பிடியில் அவர் விரல்கள் இறுகின.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி பூட்டியிருந்தது. டாக்டர் காளிதாஸ் பின்பக்கத்துக் குவார்ட்டர்சிலேயே குடியிருந்தது இவர்கள் அதிர்ஷ்டம். கோலார் பக்கத்துத் தமிழர், அதிகம் பேசாதவர். நாயை மேஜையில் போடச் சொல்லி வாயைத் திறந்து பார்த்தார். நீளமான இடுக்கி ஒன்றைக் கொதிநீரில் போட்டுவிட்டு, கம்பவுண்டர் லீவு, வாயை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார். மேல்தாடையில் ஒரு கை, கீழ்த்தாடையில் ஒரு கை. நடுவில் விட்டுவிட்டால் என் விரல் போய்விடும் என்றும் சொன்னார்.

கனகலக்ஷ்மி ஒரு அடி முன்னால் வந்தாள். அதற்குள் நாராயணஸ்வாமி குடையை மூலையில் சாத்திவிட்டுக் கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

ஆபீசிலிருந்து வந்தால் வாசலில் ஒரு தரமும் கொல்லையில் ஒரு தரமும் கால் அலம்புகிறவர். வெளி மனிதர் கை பட்ட டம்ளரில் தண்ணீர் குடிக்காதவர். அந்தக் கைகள் இரண்டும் மீன் நாறுகிற வாய்க்குள் போவதை அன்னபூர்ணி பார்த்துக்கொண்டு நின்றாள். நாய் திமிறியது. அவர் குனிந்து அதன் பழுப்புக் காதுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

“சங்கு, அசையாதே. இதோ ஆயிடுத்து. சங்கு.”

நாய் அடங்கியது. இடுக்கி உள்ளே போய் வந்தது. வெள்ளைத் தட்டில் விழுந்தது கட்டைவிரல் நகத்தளவு ஒரு முள். இன்னும் ஒரு தடவை உள்ளே போயிற்று. இரண்டாவது முள் அதைவிடச் சின்னது, ஊசி முனை. வாய் மூடிக்கொண்டது. நாய் எச்சிலை விழுங்கிப் பார்த்துவிட்டுத் தலையை நாராயணஸ்வாமியின் கோட்டில் சாய்த்தது. அவர் அதை விலக்கவில்லை.

என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். அன்னபூர்ணி புருஷனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், பிறகு தட்டில் கிடந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“கருவாடு. வறுத்துப் போட்டேன். அலம்பலை.”

ஜன்மத்தில் முதல் தடவை அந்த வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னாள். சொன்னதும் கண்ணீர் வந்துவிட்டது.

காளிதாஸ் சிரிக்கவில்லை. மீன் நாய்க்கு ஆகாத பண்டம் இல்லை அம்மா, நன்றாகவே ஒத்துக்கொள்ளும் என்று பதமாகவே சொன்னார். புது மீனாக இருக்க வேண்டும். வெறும் தண்ணீரில் வேக வைத்து, முள் ஒன்றுகூட மிச்சம் இல்லாமல் எடுத்துவிட்டுப் போட வேண்டும். பச்சையாகப் போட்டால் பூச்சி வைக்கும். உப்பு, மிளகாய், வெங்காயம் எதுவும் சேரக் கூடாது. கருவாட்டில் பாதி உப்பு. மனுஷனுக்கே தாகம் எடுக்கும், நாயின் உடம்பு அதைத் தாங்காது. போதாக்குறைக்கு வறுத்தால் முள் கண்ணாடிச் சில்லு மாதிரி உடையும். இன்றைக்கு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டுங்கள், வாந்தி எடுத்தாலோ நடை தள்ளாடினாலோ எந்த நேரமானாலும் கூட்டி வாருங்கள் என்றார். கையைத் துடைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

“வளத்தவர் எப்படிக் குடுப்பார்னு கேட்டு ஒரு லெட்டர் போட்டிருக்கலாமே?”

“நாலு போட்டேன் டாக்டர். பட்டாளத்துல இருக்கான். பதிலே வரலை.”

நாராயணஸ்வாமி கையலம்பிக்கொண்டிருந்தார். தண்ணீர் சொட்டும் கையோடு அப்படியே நின்றார். பிறகு அந்த ஈரக் கையைக் கோட்டின் உள்ஜோபிக்குள் விட்டு ஒரு உறையை எடுத்தார். நாலு மூலையும் மழுங்கிப் போன உறை. தணிக்கை முத்திரை குத்தியிருந்தது. ராணுவத் தணிக்கைக்காரன் பிரித்து ஒட்டின தாள் ஒட்டினபடியே இருந்தது. அதற்கப்புறம் யாரும் பிரிக்கவில்லை.

“வந்தது. பத்து நாளாச்சு. ஆபீசுக்குப் போறப்போ தெருவுல வெச்சுத் தபால்காரன் குடுத்தான்.”

பத்து நாள். அந்தப் பத்து நாளும் அவள் வாசலில் போய் நின்றிருக்கிறாள். தபால்காரன் ஏன் கண்ணைப் பார்க்காமல் தலையை ஆட்டினான் என்று இப்போது விளங்கியது. அன்னபூர்ணிக்கு வந்த கோபம் அவளுக்கே புதிது.

“தெனம் நான் வாசலுக்கும் உள்ளுக்குமா நடந்தேனே, நீங்க ஊஞ்சல்ல உக்காந்து பாத்துண்டுதானே இருந்தேள்? அந்தக் கோட்டு அப்போ கூடத்து ஆணியிலதானே தொங்கிண்டிருந்தது?”

அவர் பேசினபோது, மகனிடம் ஊஞ்சலிலிருந்து பேசின குரல் இல்லை.

“கோபத்துல வெச்சுக்கலை அன்னபூர்ணி. கப்பல் ஏறிட்டேன்னு எழுதியிருந்தான்னா? பிரிக்காத வரைக்கும் அவன் இந்த தேசத்துலதான் இருக்கான்னு நெனச்சுக்கலாம். அவ்வளவுதான்.”

டாக்டர் நாயின் காதைப் பரிசோதிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கனகலக்ஷ்மி அப்பாவின் கையிலிருந்த உறையை வாங்கிப் பிரித்தாள். இரண்டு தாள்கள். அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தாளை உரக்கப் படித்தார்.

கப்பல் ஏறவில்லை. பூனாவில்தான் இருந்தான். இன்னும் மூன்று மாசத்துக்குப் பயிற்சி. இந்த வரியைப் படித்ததும் நாராயணஸ்வாமி நிறுத்திவிட்டு மறுபடியும் ஒரு தரம் படித்தார். அதற்குக் கீழே முழுக்கச் சங்குவைப் பற்றித்தான்.

‘அம்மா, அவசரத்தில் உன்னிடம் சொல்லாமலே வந்துவிட்டேன். சங்கு மீன் இல்லாமல் சாப்பிட மாட்டான். உன் கையால் அது முடியாது என்று எனக்குத் தெரியும். யாரையாவது கொண்டு போடச் சொன்னால், வேக வைத்த பிறகு ஒவ்வொரு துண்டையும் விரலால் நசுக்கிப் பார்த்து முள் எடுக்கச் சொல். இறால் கிடைத்தால் தலையும் ஓடும் உரித்து இரண்டு மூன்று, அதற்கு மேல் வேண்டாம். நண்டு ஓட்டைக் கண்ணிலேயே காட்டாதே. கருவாடு மட்டும் கூடவே கூடாது. குட்டியில் ஒரு தடவை திருடித் தின்றுவிட்டு இரண்டு நாள் கிடந்தான். தேவம்மாதான் பிழைக்க வைத்தாள்.’

தேவம்மா யார் என்று கனகலக்ஷ்மி கேட்டாள். முதல் தாள் அதோடு முடிந்திருந்தது. நாராயணஸ்வாமி இரண்டாவது தாளை எடுத்து வாய்க்குள்ளேயே படித்தார். பாதியில் அவர் உதடு அசைவது நின்றது. கடைசி வரி வரைக்கும் போய்விட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இன்னிக்கு என்ன தேதி?”

“பதினெட்டு,” என்றாள் மகள்.

அவர் தாளை நாலாக மடித்தார். டாக்டருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, நாயைத் தானே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அன்னபூர்ணி பின்னாலேயே ஓடினாள். என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டதற்கு, ஆத்துக்குப் போய்ச் சொல்கிறேன் என்றார். ஜட்காக்காரனிடம் கொஞ்சம் விரட்டி ஓட்டப்பா என்றார். எதற்கும் அவசரப்படாத மனிதர்.

திரும்பி வரும்போது சங்கு அவர் மடியில் இருந்தது. சோர்ந்து கண்ணை மூடியிருந்தது. ஜட்கா அக்ரஹாரத்துத் தெருவுக்குள் திரும்பினதும் அதன் மூக்கு முதலில் அசைந்தது. பிறகு தலை நிமிர்ந்தது. வால் அவர் கோட்டில் தப்புத் தப்பென்று அடித்தது. ஒரு மாசத்தில் அன்னபூர்ணி அந்த வால் அப்படி ஆடி ஒரு நாளும் பார்த்ததில்லை. மீன் சட்டியைப் பார்த்துக்கூட இல்லை.

அவர்கள் வீட்டுப் பூட்டின கதவுக்கு முன்னால், படியில் ஏறாமல், தெருவில் தூற்றலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயசு இருக்கும். புடவையின் கீழ்ப்பாதி முழுக்கச் செம்மண் சேறு. மங்களூரிலிருந்து மடிகேரி மலை வழியாக மழையில் பஸ் ஏறி வந்தவள் என்று அதுவே சொன்னது. தோளில் துணி மூட்டை, கையில் ஒரு சின்ன அலுமினியத் தூக்கு.

ஜட்கா நிற்பதற்குள் நாய் குதித்துவிட்டது. அவள் மூட்டையைச் சேற்றில் போட்டுவிட்டு மண்டியிட்டாள். கொஞ்சவில்லை. முதலில் அதன் மோவாயைப் பிடித்து வாயைத் திறந்தாள், உள்ளே விரலை விட்டுத் தொண்டையை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தாள், விரலில் பட்ட சிவப்பை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். டாக்டர் செய்ததையே அவள் இடுக்கி இல்லாமல் செய்தாள். அப்புறம்தான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

எழுந்து நின்றபோது மூன்று பேரும் இறங்கி அவள் எதிரே நின்றிருந்தார்கள். அவள் கன்னடத்தில், நான் தேவம்மா, அவர் எழுதின கடுதாசி கிடைத்ததா என்று கேட்டாள். பதினெட்டாம் தேதி நான் வருவேன் என்று எழுதியிருந்தாரே, ஒரு மணி நேரமாகத் தெருவில் நிற்கிறேன் என்றாள். அதில் குற்றம் சொல்கிற தொனி இல்லை, களைப்புதான் இருந்தது.

“கிடைச்சது அம்மா. தப்பு என்னோடது,” என்றார் நாராயணஸ்வாமி, கன்னடத்திலேயே.

அன்னபூர்ணியின் பார்வை அந்தப் பெண்ணின் கழுத்தில் போய் நின்றது. ஈரத்தில் ஒட்டிக்கிடந்த கருகமணிச் சரம். இந்தச் சீமையில் கல்யாணமானவள்தான் அதைக் கட்டிக்கொள்வாள் என்று அவளுக்குத் தெரியாதா? புதுச் சரம், நூல்கூட இன்னும் நிறம் மங்கவில்லை.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவரும் அந்தக் கருகமணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் திடுக்கிடவில்லை. கோட்டுக்குள் கையை விட்டு, நாலாக மடித்த அந்த இரண்டாவது தாளை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“இனிமே எதையும் என் ஜோபியில வெச்சுக்கறதா இல்லை. நீயே படி.”

கனகலக்ஷ்மி பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று மெதுவாகத் திறந்தது. தூற்றல் வலுத்தது. சங்கு படியேறிப் போய், இதுவரைக்கும் அது ஒரு நாளும் நுழையாத வாசல் நிலையில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே இருப்பவர்களையும் வெளியே இருப்பவளையும் மாறி மாறிப் பார்த்தது.

“நனையாதே, உள்ள வா,” என்றாள் அன்னபூர்ணி. தமிழில்தான் சொன்னாள். அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. எங்கே கற்றுக்கொண்டாளோ.

தாள் அவள் உள்ளங்கையில் இருந்தது. ஈரம் பட்டுவிடாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். மடிப்பைப் பிரிக்க விரல் வரவில்லை. பிரிக்காத வரைக்கும் யக்ஞு தன்னைக் கேட்காமல் கல்யாணம் பண்ணிக்கொள்ளாத பிள்ளைதான். பத்து நாள் அவர் எப்படி வைத்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்கு இப்போது தெரிந்தது.